முக்கியம்தான் சார், ஆனா நேரமில்லை

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, "மருத்துவக் கல்வி குறித்த ஆய்வு அவசியம்" என்ற வாக்கியத்துக்கு எதிரே ஐந்து கட்டங்களில் ஒன்றை டிக் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் 'ஒத்துக்கொள்கிறேன்' பக்கம்தான் போவார்கள். அதே ஆட்களிடம், "போன இரண்டு வருஷத்தில் கற்பித்தல் பற்றி ஒரு ஆய்வுத் திட்டமாவது எழுதி, ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டிக்கு அனுப்பினீர்களா?" என்று கேளுங்கள். எழும் கைகளைச் சிரமமில்லாமல் எண்ணிவிடலாம்.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே இருக்கும் தூரத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் கல்வி ஆய்வு பற்றி ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கும் பல ஆய்வுகள் முதல் பதிலை மட்டும் எண்ணி, சதவீதம் போட்டு, "ஆசிரியர்களின் மனப்பாங்கு நேர்மறையாக உள்ளது" என்று எழுதி மூடிவிடுகின்றன. நேர்மறையாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? ஆசிரியரிடம் போய்க் கற்பித்தல் முக்கியமா என்று கேட்டால் இல்லை என்றா சொல்வார்?

சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இந்த இடைவெளி சமூக உளவியலில் பழைய சமாச்சாரம். ரிச்சர்ட் லாபியர் 1934-இல் வெளியிட்ட ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி, 250-க்கும் மேற்பட்ட விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார். ஒரே ஒரு இடத்தில்தான் திருப்பி அனுப்பினார்கள். சில மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, சீனர்களை அனுமதிப்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். மருத்துவ ஆசிரியர்களிடம் இது தலைகீழாக நடக்கிறது. காகிதத்தில் வரவேற்பு பலமாக இருக்கும். காரியத்தில் ஒன்றும் நகராது.

ஐசக் அய்சன் 1991-இல் விரித்து எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு இங்கே கைகொடுக்கும். ஒரு காரியத்தைச் செய்யும் எண்ணம் மூன்றிலிருந்து பிறக்கிறது என்கிறது அது: அந்தக் காரியத்தின் மேல் உள்ள மனப்பாங்கு, சுற்றியிருப்பவர்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கணிப்பு, தன்னால் அது முடியும் என்ற நம்பிக்கை. கல்வி ஆய்வைப் பொறுத்தவரை முதலாவது ஆசிரியர்களிடம் ஓரளவு இருக்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் ஓட்டை. வினாத்தாளின் இருபது வாக்கியங்களும் முதலாவதையே சுற்றிச் சுற்றிக் கேட்டால் ஓட்டை கண்ணில் படாது.

ஒரு வாக்கியத்தைப் பழுதுபார்ப்பது

ஒரு வாக்கியமும் எதிரே ஐந்து கட்டமும் என்ற, ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் தந்த அளவுகோலைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பார்க்க எளிதாக இருப்பதால் ஒரு மாலையில் உட்கார்ந்து இருபது வாக்கியம் எழுதிவிடலாம் என்று தோன்றும். அப்படி எழுதப்படும் வாக்கியம் இப்படி இருக்கும்: "கல்வி ஆய்வு பயனுள்ளது, அதைச் செய்ய எனக்கு ஆர்வமும் உள்ளது."

ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கேள்வி. பயனுள்ளதுதான், ஆனால் எனக்கு ஆர்வமில்லை என்று நினைப்பவர் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்? இரண்டாகப் பிரித்தாக வேண்டும். பிரித்தபின் "கல்வி ஆய்வில் எனக்கு ஆர்வம் உள்ளது" என்பது தனியே நிற்கும். இதிலும் ஒரு கோளாறு உண்டு: ஆமாம் என்று சொல்ல யாருக்கும் காசு செலவில்லை. எல்லோரும் 4 அல்லது 5 போட்டுவிட்டால் அந்த வாக்கியம் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. அளவுகோலில் அது சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு விலை வைக்க வேண்டும்: "ஒரு மருத்துவ ஆய்வும் ஒரு கல்வி ஆய்வும் ஒரே நேரத்தில் கைக்கு வந்தால், கல்வி ஆய்வையே எடுப்பேன்." இப்போது பதில்கள் 1 முதல் 5 வரை சிதறும். சிதறினால்தான் அளக்க முடியும்.

எதிர்த்திசை வாக்கியங்களும் வேண்டும். "மருத்துவ ஆய்வு செய்ய வாய்ப்பில்லாதவர்கள்தான் கல்வி ஆய்வுக்குப் போகிறார்கள்" என்று கொஞ்சம் சுடுகிற மாதிரி எழுதினால், மேலிருந்து கீழ்வரை 4, 4, 4 என்று கோடு இழுப்பவர்கள் அங்கே மாட்டுவார்கள். இந்த வாக்கியத்தின் மதிப்பெண்ணை 6-இலிருந்து கழித்துத் திருப்பிப் போட மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அது மொத்தக் கூட்டலையும் கெடுத்துவிடும். எதிர்த்திசை என்பதற்காக "தேவையற்றது என்று நான் நினைக்கவில்லை" போல இரட்டை எதிர்மறை எழுதக் கூடாது. ஓபி முடிந்து களைத்து வந்து போனில் படிப்பவர் அதை நேர்மாறாகப் புரிந்துகொள்வார்.

நடுக்கட்டம் இன்னொரு பொறி. 'நடுநிலை' என்று டிக் போடுபவர்களில் மூன்று வகையினர் இருப்பார்கள்: இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு நடுவில் நிற்பவர், இதைப் பற்றி யோசித்தே இராதவர், துறைத் தலைவர் பார்ப்பாரோ என்று சொல்லத் தயங்குபவர். "இதுபற்றி யோசித்ததில்லை" என்று ஒரு கட்டத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டால் இரண்டாம் வகையினராவது பிரிந்துவிடுவார்கள். அவர்களுடைய எண்ணிக்கையே ஒரு கண்டுபிடிப்புதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். ஐந்தாறு ஆசிரியர்களைத் தனித்தனியே உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டு வாசித்து, "இதைப் படித்ததும் மனதில் என்ன வந்தது?" என்று சொல்லச் சொல்லுங்கள். 'கல்வி ஆய்வு' என்ற சொல்லிலேயே சறுக்கல் தொடங்கும். ஒருவர் அதைப் பட்ட மேற்படிப்பு மாணவரின் தீசிஸுக்குக் கைடாக இருப்பது என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவர் செமஸ்டர் முடிவில் மாணவர்களிடம் வாங்கும் கருத்துப் படிவம் என்று நினைப்பார். வினாத்தாளின் தலையிலேயே இரண்டு வரியில் விளக்கமும் ஒரு உதாரணமும் கொடுக்காவிட்டால், ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிய மனப்பாங்கைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பிறகு நிபுணர் குழு. ஆறு பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியமும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை மதிப்பிடச் சொல்வது வழக்கம். 3 அல்லது 4 போட்டவர்களின் பங்குதான் அந்த வாக்கியத்தின் உள்ளடக்கச் செல்லுபடிக் குறியீடு. ஆறு பேரில் ஐந்து பேர் என்றால் 0.83, வைத்துக்கொள்ளலாம். நான்கு பேர்தான் என்றால் 0.67; திருத்த வேண்டும் அல்லது தூக்கிவிட வேண்டும். குழுவில் ஐந்து பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அனைவருமே ஒத்துக்கொண்டாக வேண்டும்.

வினாத்தாளின் நம்பகத்தன்மைக்குப் போடும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1951-இல் லீ கிரான்பாக்கின் கட்டுரை வந்ததிலிருந்து, 0.7-ஐத் தாண்டிவிட்டால் வினாத்தாள் 'செல்லுபடியாகும்' என்று எழுதிவிடும் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. ஆல்ஃபா, வாக்கியங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்கின்றனவா என்று காட்டும். அவை சரியான பொருளைத்தான் அளக்கின்றனவா என்று சொல்லாது. போதாததற்கு, வாக்கியங்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலே அதுவும் ஏறும். வாக்கியங்களுக்கிடையே சராசரித் தொடர்பு வெறும் 0.15 இருந்தாலும், 20 வாக்கியம் சேர்த்தால் ஆல்ஃபா 0.78 வந்துவிடும். நன்றாக எழுதி 0.4 தொடர்புள்ள ஐந்தே வாக்கியத்துக்கும் 0.77தான். பரிசீலிப்பவர் பார்க்கும் எண் ஏறத்தாழ ஒன்றுதான். உள்ளே இருக்கும் சரக்கு வேறு. அய்சன் சொன்ன மூன்றையும் கேட்டிருந்தால் மூன்றுக்கும் தனித்தனியே ஆல்ஃபா போட வேண்டும். மூன்றையும் கலக்கி ஒரு எண் கொடுப்பதில் அர்த்தமில்லை.

மாதிரி அளவு? 50 சதவீத விகிதம், 5 சதவீதப் பிழை வரம்பு என்று வைத்து வழக்கமான சூத்திரத்தில் போட்டால் 384 வரும். கல்லூரியில் மொத்தமே 150 ஆசிரியர்கள்தான் என்றால், சிறு மக்கள்தொகைக்கான திருத்தத்துக்குப் பிறகு சுமார் 108. அந்த அளவில் எதற்கு மாதிரி எடுக்க வேண்டும்? 150 பேரையுமே கேட்டுவிடலாம். உண்மையான தலைவலி, பதில் போடாதவர்கள். துறையின் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் இணைப்பைப் போட்டால், ஏற்கெனவே இந்த விஷயத்தில் நாட்டமுள்ளவர்கள் முதல் நாளே நிரப்பிவிடுவார்கள். மற்றவர்கள் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவார்கள். ஆக, 60 பதிலை வைத்துக்கொண்டு 'மருத்துவ ஆசிரியர்களின் மனப்பாங்கு' என்று தலைப்பு வைப்பது, கச்சேரிக்கு வந்தவர்களிடம் சங்கீதம் பிடிக்குமா என்று கேட்டதற்குச் சமம். மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு பதில் போட்டவர்களைத் தனியே பிரித்து, முதல் வாரத்தில் போட்டவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிலே போடாதவர்கள் தாமதமாகப் போட்டவர்களைப் போன்றவர்களாக இருக்கலாம். அதற்கு மேல் ஊகிக்க வழியில்லை.

தயக்கம் எங்கே இருக்கிறது

நேரமில்லை என்பது முதல் பதில். அது பொய்யில்லை. வார்டு, ஓபி, தியேட்டர், வகுப்பு, வைவா எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் ஆய்வு செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் அதே ஆசிரியர் அதே மிஞ்சிய நேரத்தில் ஒரு கேஸ் ரிப்போர்ட் எழுதிவிடுகிறார். நேரத்துக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

முதலாவது, கையில் இருக்கும் அளவுகோல். மருத்துவம் படித்தவருக்கு ஆதாரம் என்றால், ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ரேண்டமைஸ்டு ட்ரையல். உச்சியில் அது, மற்றதெல்லாம் கீழே. அந்த அளவுகோலை வகுப்பறைக்குள் கொண்டுவந்து அளந்தால் எல்லாமே அரைகுறையாகத்தான் தெரியும். மாத்திரையை மறைத்துக் கொடுக்கலாம், பாடம் நடத்தும் முறையை மாணவரிடமிருந்து மறைக்க முடியாது. மாத்திரையில் 500 மில்லிகிராம் என்றால் எல்லாருக்கும் 500. 'சிறுகுழு விவாதம்' என்ற மருந்தின் வீரியம் நடத்தும் ஆளைப் பொறுத்து மாறும். ஏ பிரிவுக்குக் கொடுத்த கையேடு அன்று இரவே ஹாஸ்டலில் பி பிரிவின் போனுக்குப் போய்விடும். இதையெல்லாம் பார்த்துவிட்டு 'இது விஞ்ஞானமா?' என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சொல்ல வேண்டியது, கல்வி ஆய்வில் கேட்கப்படும் கேள்வியே வேறு என்பது.

மருத்துவக் கல்வி ஆய்வாளர்கள் டேவிட் குக், ஜார்ஜ் போர்டாஜ், ஹென்க் ஷ்மிட் மூவரும் 2008-இல் ஒரு வகைப்பாடு தந்தார்கள். சில ஆய்வுகள் செய்ததை விவரிக்கின்றன. சில, புதிய முறை பழையதைவிட மேலா என்று நியாயப்படுத்துகின்றன. சில, அது ஏன், எப்படி வேலை செய்கிறது என்று தெளிவுபடுத்துகின்றன. அவர்கள் எடுத்துப் பார்த்த 105 சோதனை ஆய்வுகளில் 72 சதவீதம் நியாயப்படுத்தும் வகை. தெளிவுபடுத்துபவை 12 சதவீதம். 'என் முறை உன் முறையை ஜெயித்ததா' என்று மட்டுமே கேட்கும் ஒரு துறையைப் பார்த்து மருத்துவ ஆசிரியருக்குச் சலிப்பு வருவதில் ஆச்சரியமில்லை. அதிலும் பல ஆய்வுகளில் புதிய முறையை ஒப்பிடுவது எதனோடு? ஒன்றுமே நடத்தாமல் விட்டதோடு. பாடம் நடத்தினால், நடத்தாததைவிட மதிப்பெண் கூடத்தான் செய்யும். இது தற்செயல் இல்லை என்று காட்ட ஒரு பி-வேல்யூ வேறு.

இரண்டாவது, பெயர். அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990-இல் கண்டுபிடிப்பு, ஒருங்கிணைப்பு, பயன்பாடு, கற்பித்தல் நான்கையும் புலமையின் வகைகளாகச் சமமாக வைத்துப் பேசினார். பேச்சில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பதவி உயர்வுக் குழுவின் மேஜையில் இதய நோய் இதழில் வந்த கட்டுரைக்குக் கிடைக்கும் தலையசைப்பு, கல்வி இதழில் வந்ததற்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இளைய ஆசிரியர்கள் இதைச் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, பழக்கமில்லாத கருவி. பேட்டி ஆய்வு என்றதும், "வெறும் 15 பேரா? இதற்கு பவர் எப்படிப் போட்டீர்கள்?" என்று, வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்ற புள்ளியியல் கணக்கைக் கேட்கிறார்கள். பேட்டியில் ஆள் எண்ணிக்கையை நிர்ணயிப்பது சதவீதக் கணக்கு கிடையாது. புதிய பேட்டிகளில் புதிய கருத்து வராமல் நின்றதா, மாறுபட்ட ஆட்களைத் தேடிப் போய்ப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. இது தெரியாததால் ஆசிரியர் பேட்டியைத் தவிர்த்துவிட்டு மறுபடி லைக்கர்ட் வினாத்தாளுக்கே திரும்புகிறார்.

நான்காவதை யாரும் படிவத்தில் எழுதுவதில்லை. மருந்தை ஆராய்ந்தால் தோற்பது மருந்து. தன் வகுப்பை ஆராய்ந்தால், பதினைந்து வருடமாக நடத்திவந்த விரிவுரையால் மூன்று வாரம் கழித்து மாணவர் மனதில் ஒன்றும் தங்கவில்லை என்று தெரியவரலாம். அதைச் சக ஆசிரியர்களும் படிப்பார்கள். இந்தக் கூச்சத்தைப் பேட்டியில்தான் பிடிக்க முடியும். அதுவும் 'உங்களுக்குத் தயக்கமா?' என்று நேரே கேட்காமல், 'உங்கள் துறையில் மற்றவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?' என்று சுற்றிவளைத்துக் கேட்டால்தான் வரும்.

ஈசிஜி வகுப்பு ஒன்று ஆய்வாக மாறுவது

சின்ன உதாரணம். பத்து ஈசிஜி வகைகளை ஒரு மாணவர் குழுவுக்குக் கற்பிக்க வேண்டும். வகுப்பு எப்படியும் நடக்கப்போகிறது. கூடுதல் வேலை கொஞ்சம்தான். பத்தையும் கடினம் சமமாக இருக்கும்படி ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள். குழுவில் பாதிப் பேர் முதல் ஐந்தைக் கற்றபின் விடையைப் பார்க்காமல் சொந்தமாக எழுதிப் பார்க்கிறார்கள். அடுத்த ஐந்தை, விளக்கத்தோடு மறுபடி படிக்கிறார்கள். மறுபாதிப் பேருக்கு இதையே மாற்றிக் கொடுங்கள். இரண்டுக்கும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு 20 நிமிடம், மற்றதற்கு 10 என்றால் முறைக்குப் பதில் நேரத்தைத்தான் அளந்திருப்பீர்கள். ஒவ்வொரு மாணவரும் தனக்குத்தானே ஒப்பீடு ஆகிவிடுவதால் பெரிய எண்ணிக்கை தேவைப்படாது. எந்தப் பிரிவுக்கும் அநியாயமும் இல்லை.

எப்போது அளப்பது? இங்கேதான் பலர் விழுகிறார்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் உரைநடைப் பகுதிகளை வைத்துச் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். இரண்டு நாள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். வகுப்பு முடிந்த கையோடு 'போஸ்ட் டெஸ்ட்' வைக்கும் ஆசிரியருக்கு நேர்மாறான முடிவு கிடைக்கும். அதை நம்பி நல்ல முறையைக் கைவிட்டும்விடுவார். இரண்டு அல்லது மூன்று வாரம் கழித்து, அதே பத்து வகையை வேறு நோயாளிகளின் ஈசிஜியில் கேளுங்கள். அதே தாளைக் கொடுத்தால் படத்தை நினைவு வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

மாணவர் குழுக்கள் வார்டு வார்டாகச் சுற்றிவரும் கிளினிக்கல் போஸ்டிங்கில் செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. முதல் சுற்றில் வந்த குழுவுக்குப் பழைய முறை, கடைசிச் சுற்றில் வந்த குழுவுக்குப் புதிய முறை என்று வைத்தால், கடைசிக் குழு ஏற்கெனவே மற்ற வார்டுகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கும். மதிப்பெண் கூடியது முறையாலா, மாதங்களாலா என்று பிரிக்க முடியாது. சுற்றுவாரியாக முறையை மாற்றி மாற்றி வைத்தால் இது ஓரளவு சமனாகும்.

எதிக்ஸ் அனுமதி வகுப்புக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். 'இது சாதாரண வகுப்புதானே' என்று நடத்திவிட்டு, முடிவு நன்றாக வந்ததும் அனுமதி கேட்டு ஓடுவது கல்வி ஆய்வுகள் செத்துப்போகும் வழக்கமான இடம். பல கமிட்டிகள் பின்தேதியிட்டு அனுமதிப்பதில்லை, இதழ்களும் ஏற்பதில்லை. இன்னொன்று: ஆராயப்படுபவர்கள் உங்கள் கையால் இன்டர்னல் மார்க் வாங்கப்போகும் மாணவர்கள். நீங்கள் நீட்டும் ஒப்புதல் படிவத்தில் அவர்கள் மறுத்து எழுத மாட்டார்கள். மார்க் போடாத வேறு துறை ஆசிரியர் ஒருவர் ஒப்புதல் வாங்கட்டும். யார் மறுத்தார்கள் என்பது தேர்வு முடிவு வரும்வரை உங்களுக்குத் தெரியக் கூடாது.

கடைசியில் என்ன அளந்தீர்கள் என்பதும் முக்கியம். பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் சொன்ன நான்கு படிகளில் மாணவருக்குப் பிடித்ததா என்பது முதல் படி, கற்றாரா என்பது இரண்டாவது, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு மாறியதா என்பவை அடுத்தவை. கல்வி ஆய்வின் தரத்தை அளக்க 2007-இல் வந்த மெர்ஸ்க்வி என்ற கருவியும் இதே போக்கில்தான் மதிப்பெண் தருகிறது: திருப்திக்கு 1, அறிவுக்கும் திறனுக்கும் 1.5, நடத்தைக்கு 2, நோயாளி பெறும் பலனுக்கு 3. 'மாணவர்களுக்குப் பிடித்திருந்தது' என்பதோடு முடியும் ஆய்வைப் படித்துவிட்டுத்தான் பல மூத்த ஆசிரியர்கள் இந்தத் துறையையே ஒதுக்குகிறார்கள்.

மனப்பாங்கு மாறுமா

ஒருநாள் பயிலரங்கு வைத்து, முன்னும் பின்னும் மனப்பாங்கு மதிப்பெண் எடுத்து, 'கணிசமாக உயர்ந்தது' என்று எழுதுவது சுலபம். மதிய உணவுக்குப் பிறகு, நடத்தியவர் எதிரே நிற்கும்போது நிரப்பப்படும் படிவம் உயரத்தான் செய்யும். ஆறு மாதம் கழித்து எத்தனை திட்டங்கள் எதிக்ஸ் கமிட்டிக்குப் போயின என்று எண்ணினால் நிலவரம் தெரியும். பயிலரங்கைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு அரை நாளை டியூட்டி பட்டியலிலேயே ஒதுக்குவதும், புள்ளியியல் தெரிந்த ஒருவரைத் திட்டம் எழுதும் கட்டத்திலேயே உட்காரவைப்பதும் காரியத்தை நகர்த்தும் என்பது எங்கள் கணிப்பு. தரவையெல்லாம் சேகரித்துவிட்டு எக்செல் கோப்போடு அவரிடம் போனால், ஏன் தேறாது என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடியும்.

எந்த மருந்து எந்தக் கல்லூரிக்கு என்பதை முடிவு செய்ய, மனப்பாங்கு வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: "கல்வி ஆய்வு ஒன்றை மனதில் தொடங்கி, முடிக்காமல் விட்டதுண்டா? எங்கே நின்றது?" கீழே ஆறு கட்டம்: கேள்வியோடு நின்றது, திட்டம் எழுதும்போது, எதிக்ஸ் கமிட்டியில், தரவு சேகரிக்கையில், பகுப்பாய்வில், கட்டுரையாக எழுதுகையில். முதல் கட்டத்தில் டிக் குவிந்தால் நேரத்தையும் துணையையும் பாருங்கள். மூன்றாவதில் குவிந்தால் கமிட்டியின் படிவத்தையும், அது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது என்பதையும் பாருங்கள். ஆறாவதில் என்றால், எழுதி முடிக்காத தரவு மேஜை அறைகளில் ஏற்கெனவே கிடக்கிறது. புதிய ஆய்வு எதுவும் தொடங்காமலே இந்த வருடம் இரண்டு கட்டுரை வெளியே வந்துவிடும்.